ஆய் போகக் கத்துக்கிற பிள்ளைக்குக் கதை சொல்லுங்க, அடிக்காதீங்க (நீண்ட இழை)

1/
ஓபியில் ஒரு அம்மா சொன்னாங்க: "டாக்டர், இவனுக்கு மூணேகால் வயசு ஆயிருச்சு. இன்னும் பாட்டி ட்ரெய்னிங் ஆகல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டிக்குக் கோபம் வந்துருச்சு. "எனக்கு எதுக்குடி ட்ரெய்னிங்? நாலு பிள்ளை வளத்தவ நான்!"

எல்லாரும் சிரிச்சோம். அந்தப் பையன் மட்டும் சிரிக்கல. கதவு மூலையில் கால் ரெண்டையும் பின்னிக்கிட்டு, குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நின்னுக்கிட்டிருந்தான். முகம் சிவந்து, நெத்தி வேர்த்திருந்தது.

2/
"பாருங்க டாக்டர், இப்படித்தான் முக்குறான், வரவே மாட்டேங்குது" என்றார் அம்மா.

அவன் முக்கவில்லை. அடக்கிக்கொண்டிருந்தான்.

படுக்க வைத்து வயிற்றைத் தொட்டேன். இடது பக்கம் கல் மாதிரி ஒரு உருண்டை. ஜட்டியில் கறை. தொடையில் அஞ்சு விரல் பதிஞ்ச தடம்.

"யாரு அடிச்சது?"ன்னு கேட்டேன். அம்மா பதில் சொல்லல. கண் கலங்கிருச்சு.

(அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

3/
கதை இதுதான். பையனை ப்ளே ஸ்கூலில் சேர்த்தார்கள். ஜட்டியில் ஆய் பட்ட முதல் நாள் போன் வந்தது. மறுநாளும் வந்தது. மூன்றாம் நாள், "நல்லாப் பழக்கிட்டுக் கூட்டிட்டு வாங்க மேடம், மத்த பேரன்ட்ஸ் கம்ப்ளெய்ன்ட் பண்றாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அம்மாவுக்கு ஜவுளிக்கடையில் பில்லிங் வேலை. ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போச்சு. அன்னைக்கு ராத்திரி கை நீண்டுருச்சு. அடுத்த எட்டு நாள் பையன் ஆய் போகவே இல்லை.

அந்த அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதை எழுதவில்லை. கூண்டில் ஏற வேண்டிய ஆட்கள் வேறு. நானும் அதில் ஒருத்தி. அதைப் பிறகு சொல்கிறேன்.

4/
இந்த இழையில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். ரெண்டு வயசுப் பிள்ளைக்கு டாய்லெட் பழக்குவதற்கு அடி, மிரட்டல், கேலி, "மூணே நாளில் டயப்பருக்கு டாட்டா" ரீல்ஸ் எதுவும் வேண்டாம். ஒரு படக்கதைப் புத்தகமும், மடியில் வைத்து அதை வாசிக்கப் பத்து நிமிஷமும், கொஞ்சம் பொறுமையும் வேண்டும்.

"புத்தகமா? நீங்க வேற டாக்டர்!"னு சிரிக்கிறவங்க தயவுசெய்து முழுசாப் படிச்சிட்டுச் சிரிங்க.

5/
முதலில், அடித்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

நம் ஊரில் இன்னும் பெருமையாச் சொல்ற பழமொழி: அடியாத மாடு படியாது. மாட்டைப் பத்தி எனக்குத் தெரியாது. மலக்குடலைப் பத்தித் தெரியும். அது அடிக்குப் படியாது. அடிச்சா மூடிக்கும்.

ஆசனவாயைச் சுற்றி உள்ளே ஒரு தசை வளையம், வெளியே ஒரு தசை வளையம். உள்ளே இருப்பது தானாக இயங்கும். வெளியே இருப்பது நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பயந்த பிள்ளை இந்த வெளி வளையத்தை இறுக்கிப் பிடிச்சுக்கும்.

6/
ஒரு தடவை அடக்கினால் வந்த உணர்வு போய்விடும். மலம் உள்ளேயே தங்கும். பெருங்குடல் அதிலிருக்கிற தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலம் இறுகும். அடுத்த முறை வரும்போது வலிக்கும், சில சமயம் ஆசனவாய் கிழிந்து ரத்தம் வரும். வலிக்கும் என்று தெரிந்த பிள்ளை இன்னும் அடக்கும். இன்னும் இறுகும்.

இப்படியே போனால் மலக்குடல் பலூன் மாதிரி விரிந்துவிடும். நிறைந்திருக்கிறது என்ற உணர்வே மங்கிப்போகும். பிறகு அந்தக் கட்டியின் ஓரமாக மேலிருந்து வரும் இளகிய மலம் கசியும். பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது.

7/
இந்தக் கசிவைத்தான் வீட்டில் "வயித்துப்போக்கு" என்கிறார்கள். ஸ்கூலில் "சோம்பேறித்தனம்" என்கிறார்கள். "வேணும்னே பண்றான் டாக்டர்" என்பதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

வேணும்னு பண்ணல. அவனுக்குத் தெரியாமல் நடக்கிற ஒன்றுக்காக அவனை அடிக்கிறோம். அடி விழுந்தால் பயம். பயம் வந்தால் அடக்கல். அடக்கினால் கசிவு. கசிந்தால் மறுபடி அடி. இந்தச் சக்கரத்தில் சிக்கி, ஏழு எட்டு வயசு வரைக்கும் ஜட்டியை ஒளித்து வைக்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பார்கள். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

8/
அடுத்தது கைவைத்தியம். சோப்புத் துண்டு, விளக்கெண்ணெய் தடவிய வெற்றிலைக் காம்பு. பாட்டிமார்களே, உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், நிறுத்திருங்க. ஆசனவாய் ஏற்கெனவே கிழிந்து வலியில் இருக்கிறது. ரெண்டு பேர் கையைக் காலைப் பிடிக்க, ஒருத்தர் உள்ளே எதையோ நுழைக்கிறார். அன்னைக்கு ஆய் வந்துரும். ஆனால் "ஆய்னாலே பயங்கரம்" என்ற பாடம் பிள்ளையின் மனசில் ஆழமாப் பதிஞ்சிரும்.

அப்புறம் பால். ரெண்டு வயசுக்கு மேல் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் வேண்டாம். லிட்டர் கணக்கில் பால் குடித்துவிட்டு சோறு, காய், பழம் தொடாத பிள்ளைக்கு மலம் இறுகத்தான் செய்யும். ரத்தசோகையும் சேர்ந்து வரும்.

9/
"எங்க காலத்துல ஒரு வயசுலயே எல்லாம் பழகிருச்சு. இப்பத்தான் டயப்பரு, டாக்டருன்னு..."

இந்த வசனத்தை வாரத்துக்கு நாலு தடவை கேட்கிறேன். இதில் பாதி உண்மை. அந்தக் காலத்தில் அம்மாவோ பாட்டியோ காலை நீட்டி உட்கார்ந்து, ரெண்டு பாதத்துக்கு நடுவில் குழந்தையை உட்கார வைத்து "ஷ்ஷ்ஷ்"னு சத்தம் கொடுப்பாங்க. குழந்தை எழுந்த உடனே, பால் குடித்த உடனே. அருமையான முறை. இன்னைக்கும் செய்யலாம். அதில் அடி இல்லை, அவசரம் இல்லை, குழந்தையின் முதுகுக்கு ஆள் துணை இருக்கிறது.

10/
ஆனால் அங்கே பழகியது யார்? பெரியவங்கதான். குழந்தையின் முகத்தைப் பார்த்தே நேரத்தைக் கண்டுபிடிக்கப் பழகினார்கள். வீட்டில் நாலு பெரியவர்கள் இருந்தார்கள். முற்றம் இருந்தது. குழந்தை இடுப்புத்துணி இல்லாமல் திரிஞ்சது.

இப்போது ரெண்டாம் மாடியில் ரெண்டு ரூம் வீடு. காலை எட்டரைக்கு இருவரும் வேலைக்குப் போகணும். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அந்த வாழ்க்கையை எடுத்துவிட்டு அந்த ரிசல்ட்டை மட்டும் கேட்டால் எப்படி?

பிள்ளை தானாக உணர்ந்து, தானாகச் சொல்லி, தானாகப் போய் உட்காருவது வேறு ஒரு திறமை. அதற்கு மூளையும் நரம்பும் முதிரணும்.

11/
இதைச் சொன்னது நான் மட்டும் இல்லை. 1962-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன், தன்னிடம் வந்த 1,170 குழந்தைகளின் பதிவுகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். பெற்றோர் நெருக்காமல், பிள்ளை தயாராகும் வரை காத்திருந்து பழக்கியபோது, பகல் நேரக் கட்டுப்பாடு சராசரியாக 28 மாதங்களைத் தாண்டித்தான் வந்தது. சராசரி என்றால் சிலர் முன்னாடி, சிலர் பின்னாடி.

ராத்திரி நனைப்பதை இந்தக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீங்க. அஞ்சு வயசு வரைக்கும் ராத்திரி நனைப்பது நோயே இல்லை. தூக்கத்தில் நடப்பதைப் பழக்கவும் முடியாது, தண்டிக்கவும் கூடாது.

12/
பிள்ளை தயாரா என்று எப்படித் தெரியும்?

✔ ரெண்டு மணி நேரமாவது ஈரமாகாமல் இருக்கிறது.
✔ நடக்கும், உட்காரும், ஜட்டியைத் தானே கீழே இழுக்கும்.
✔ "செருப்பை எடுத்துட்டு வந்து அப்பாகிட்ட கொடு" மாதிரி ரெண்டு வேலையைச் சேர்த்துச் சொன்னால் செய்யும்.
✔ ஆய் வரும்போது திரைச்சீலைக்குப் பின்னால், கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் ஒளியும்.
✔ உச்சா, ஆய், கக்கா, உங்கள் வீட்டு வார்த்தை எதுவோ, அதைச் சொல்லும்.

பெரும்பாலும் ஒன்றரை வயசுக்கும் மூணு வயசுக்கும் நடுவில் இதெல்லாம் ஒவ்வொன்றாக வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எப்போது வந்தது என்பது இந்தப் பட்டியலில் இல்லை, கவனிங்க.

13/
சரி, புத்தகத்துக்கு வருவோம். ரெண்டு வயசுப் பிள்ளையின் பக்கம் இருந்து யோசிச்சுப் பாருங்க.

இத்தனை நாள் டயப்பரிலேயே போனான், யாரும் எதுவும் சொல்லல. திடீரென்று ஒரு நாள் "அதுல போகாதே, இதுல போ" என்கிறார்கள். அந்த "இது" அவன் இடுப்பைவிடப் பெரிய ஓட்டை. உட்கார்ந்தால் கால் தொங்குது. ஒரு பட்டனை அமுக்கினால் இடி மாதிரி சத்தம். தன் உடம்பிலிருந்து வந்த ஒன்றைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போகுது. நானும் போயிருவேனா? இந்தக் கேள்வி நமக்குச் சிரிப்பு. அவனுக்கு நிஜமான பயம்.

14/
இந்தப் பயத்தை அவனால் வார்த்தையில் சொல்ல முடியாது. நாம் விளக்கம் கொடுத்தாலும் புரியாது. ஆனால் கதை புரியும்.

படத்தில் ஒரு குட்டிப் பாப்பா இருக்கு. அதுக்கும் வயித்துல ஒரு மாதிரி இருக்கு. ஓடுது. ஜட்டியை இறக்குது. உட்காருது. வருது. கழுவிக்குது. "டாட்டா ஆய்!"னு சொல்லுது. அம்மா மடியில் உட்கார்ந்து, எந்த ஆபத்தும் இல்லாமல், இதை அவன் இருபது தடவை பார்க்கலாம். பக்கத்தைத் திருப்புவது அவன். வேண்டாமென்றால் மூடுவதும் அவன். டாய்லெட் விஷயத்தில் கட்டுப்பாடு அவன் கையில் இருக்கும் முதல் இடம் அந்தப் புத்தகம்தான்.

15/
படக்கதை மூணு வேலை செய்யும். ஒன்று, வரிசை: எது முதல், எது அடுத்து என்று படம் படமாகக் காட்டும். ரெண்டு, வார்த்தை: "ச்சீ" என்ற ஒரே சொல்லுக்குப் பதிலாக, "வயிறு முட்டுது", "வருது", "ஆச்சு" என்று சொல்லக் கொடுக்கும். மூணு, மன்னிப்பு: நல்ல புத்தகத்தில் ஒரு பக்கத்திலாவது அந்தப் பாப்பா ஜட்டியிலேயே போயிரும், யாரும் திட்டமாட்டாங்க.

இந்த மூணாவதுதான் ரொம்ப முக்கியம். தவறிப் போனாலும் வீட்டில் என்னைப் பிடிக்கும் என்று தெரிந்த பிள்ளை அடக்காது.

16/
உலகத்தில் இது ஒன்றும் புதுசு இல்லை. இஸ்ரேலில் 1975-ல் அலோனா ஃபிராங்கெல் என்ற அம்மா, தன் மகனுக்காகவே இப்படி ஒரு புத்தகம் எழுதி வரைந்தார். பல மொழிகளுக்குப் போய் இன்றும் விற்கிறது. 1977-ல் ஜப்பானில் தாரோ கோமி ஒரு புத்தகம் போட்டார். எல்லாரும் ஆய் போவாங்க என்பதுதான் அதன் மொத்தக் கதை. யானை பெருசாப் போகும், சுண்டெலி சிறுசாப் போகும், மனுசங்களும் போவாங்க. அறிவுரையே கிடையாது. அதனால்தான் பிள்ளைகளுக்குப் பிடிக்குது.

நம் வீட்டில் யாராவது "ஆய்"னு சொன்னாலே "சாப்பிடுற நேரத்துல என்ன பேச்சு"ன்னு மிரட்டுவோம். அப்புறம் ஒரு நாள் திடீர்னு அதே பிள்ளையிடம் "வந்தா சொல்லணும்னு தெரியாதா?" என்போம். எந்த வாயால் சொல்லும்?

17/
இப்போது என் கதை. என் மகளுக்கு ரெண்டேகால் வயசு. நானும் ஒரு இறக்குமதிப் புத்தகம் வாங்கினேன். வழவழப்பான பேப்பர், அழகான படம். குழந்தை மருத்துவர் வீடு, கேட்கவா வேணும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒவ்வொரு பக்கத்திலும் நிறுத்தி, "பாத்தியா, இந்தப் பாப்பா எவ்ளோ சமத்து! நீ எப்ப இப்படிப் போகப் போற?" என்று கேட்டேன். நாலாவது நாள் அவள் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டாள். அஞ்சாவது நாளிலிருந்து ஆய் போவதை நிறுத்தினாள்.

அட்டைப்படம் போட்ட பிரம்பை வாங்கி வந்திருக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

18/
கூண்டில் நானும் ஏறணும்னு சொன்னேனே, அது இதுக்காகத்தான். இன்னொன்றும் உண்டு. டாக்டரான புதுசில் ஓபியில் நானே எத்தனையோ அம்மாக்களிடம், "சீக்கிரம் பழக்குங்கம்மா, இன்னுமா டயப்பர்?" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். எப்படிப் பழக்குவது என்று சொல்லல. ரெண்டு நிமிஷம் கூடச் செலவழிக்கல. அந்த ஒரு வரி வீட்டுக்குப் போய் எத்தனை பிள்ளைகள் முதுகில் இறங்கியிருக்கும்னு இப்போ நினைச்சா வயித்தைப் பிசையுது.

19/
ஆகவே படிப்பதற்கு முன் விதிகள்:

❌ ஒப்பிடாதீங்க. படத்தில் இருப்பது கதாபாத்திரம். உங்கள் பிள்ளைக்குப் போட்டியாளர் இல்லை.
❌ வாசித்து முடித்ததும் "வா, இப்போ போலாம்"னு இழுக்காதீங்க. கதையைக் கதையாகவே முடிங்க.
❌ டாய்லெட்டில் உட்கார வைத்து அரை மணி நேரம் புத்தகத்தைக் கையில் கொடுக்காதீங்க. அஞ்சு நிமிஷம் போதும். வரலைன்னா "சரி, அப்புறம் பார்ப்போம்"னு எழுப்பி விடுங்க.
❌ போனைக் கொடுக்காதீங்க. வீடியோ ஓடும்போது வயிறு சொல்வது பிள்ளைக்குக் கேட்காது.

20/
"டாக்டர், அந்தப் புத்தகம் எல்லாம் விலை ஜாஸ்தி, அதுவும் இங்கிலீஷ்ல இருக்கு."

சரியான கேள்வி. அதோட, அந்தப் புத்தகங்களில் டிஷ்யூ பேப்பர் ரோல் இருக்கும். நம் வீட்டில் பக்கெட்டும் மக்கும் இருக்கு. அங்கே குட்டி டப் மாதிரி ஒன்றில் உட்காருவான். இங்கே பலருக்கு இந்தியன் டாய்லெட். பிள்ளை பார்க்கிற படமும் போகிற இடமும் வேற வேறயா இருந்தா பாதிப் பயன்தான்.

அதனால் நீங்களே செய்யுங்க. பத்து ரூபாய் ஓவிய நோட்டு, கலர் பென்சில் போதும். வரைய வராதா? குச்சி மனுசன் போதும். பிள்ளைகள் ஓவியக் கண்காட்சி நடத்துவதில்லை.

21/
எட்டே பக்கம். பிள்ளைக்குப் பிடிச்ச பொம்மையையோ மிருகத்தையோ நாயகன் ஆக்குங்க. ஒரு யானைக்குட்டி என்று வைத்துக்கொள்வோம்.

பக்கம் 1: யானைக்குட்டி வாழைப்பழம் சாப்பிடுது.
பக்கம் 2: விளையாடுது. வயித்துல குடுகுடுன்னு இருக்கு!
பக்கம் 3: "அம்மா, வருது!"
பக்கம் 4: ஜட்டியைக் கழட்டுது. உட்காருது. கீழே கால் வைக்க ஒரு பலகை.
பக்கம் 5: காத்திருக்கு... காத்திருக்கு... தொபுக்!
பக்கம் 6: அம்மா கழுவி விடுறாங்க. தண்ணி ஊத்துறாங்க. "டாட்டா ஆய்!"
பக்கம் 7: சோப்பு போட்டுக் கை கழுவுது.
பக்கம் 8: இன்னொரு நாள் விளையாட்டு மும்முரத்துல ஜட்டியிலேயே போயிருச்சு. அம்மா, "பரவால்லடா செல்லம், வா மாத்திக்கலாம்"னு சொன்னாங்க.

22/
எட்டாவது பக்கத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுடாதீங்க. அதை வரையும்போது நமக்கும் ஒரு ஒப்பந்தம் ஆகிவிடுகிறது. அன்னைக்கு ராத்திரி மெத்தை நனையும்போது, நாம் வாசித்த வரி நம் வாயிலேயே வரும். இந்தப் புத்தகம் பிள்ளையைவிட நம்மைத்தான் முதலில் பழக்கும்.

பாத்ரூம், மக், பக்கெட், பலகை எல்லாம் உங்கள் வீட்டில் இருப்பது போலவே இருக்கட்டும். போட்டோ எடுத்து ஒட்டினாலும் சரி. ஆனால் பிள்ளையை டாய்லெட்டில் வைத்துப் போட்டோ எடுக்காதீங்க, ஸ்டேட்டஸில் போடாதீங்க. இருபது வயசில் அவன் பார்க்க வேண்டிய படம் அது இல்லை.

23/
கால் பலகை பற்றி ஒரு வார்த்தை. வெஸ்டர்னில் கால் தொங்கினால் பிள்ளையால் முக்க முடியாது. முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் மேலே இருக்கணும். ஒரு பலகை, முக்காலி, கவிழ்த்த பக்கெட், எது வேண்டுமானாலும் ஆடாமல் இருந்தால் சரி. இந்தியன் டாய்லெட்டில் குத்துக்கால் வைப்பது நல்ல நிலைதான், ஆனால் விழுந்துருவோமோ என்று பயப்படும். கையைப் பிடிச்சுக்கோங்க. இல்லாவிட்டால் சின்ன பிளாஸ்டிக் பாட்டி சேர். (நிஜப் பாட்டி கூட உட்கார்ந்து கதை சொன்னால் டபுள் லாபம்.)

நேரம்: காலை, இரவுச் சாப்பாடு முடிந்து பத்து இருபது நிமிஷத்துக்குள். சாப்பிட்டதும் பெருங்குடல் தானாக அசையும். இயற்கை கொடுக்கிற நேரத்தைப் பயன்படுத்திக்கோங்க.

24/
அப்பாக்களே, உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். இந்த இழையில் இதுவரை அம்மா, பாட்டி, டாக்டர், டீச்சர் எல்லாரும் வந்துட்டாங்க. நீங்க எங்கே?

"டாய்லெட் விஷயம் எல்லாம் அவதான் பாத்துப்பா" என்ற காலம் முடிஞ்சது. ராத்திரி அந்த எட்டுப் பக்கத்தை வாசிக்க எந்தப் பட்டமும் வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாத தாத்தா கூடப் படத்தைப் பார்த்துச் சொல்லலாம். கழுவி விடவும் உங்களுக்கு ரெண்டு கை இருக்கு.

25/
இப்போது ப்ளே ஸ்கூல் நடத்துபவர்களுக்கு. "டயப்பர் இல்லாமல் வந்தால்தான் அட்மிஷன்" என்று நோட்டீஸ் போடுகிறீர்கள். ரெண்டரை வயசுப் பிள்ளையைச் சேர்ப்பீர்கள், ஃபீஸ் வாங்குவீர்கள், ஆனால் ரெண்டரை வயசுப் பிள்ளையின் உடம்பு மட்டும் வீட்டிலேயே இருக்கணுமா?

மாற்று உடையும், ஒரு ஆயாவும், குழந்தை அளவு டாய்லெட்டும், பூட்டாத கதவும் உங்கள் பொறுப்பு. மத்த பிள்ளைகள் முன்னால் "ஷேம் ஷேம்" சொல்ல வைக்கும் வழக்கத்தை இன்றோடு நிறுத்துங்க. அந்த ரெண்டு வார்த்தை பிள்ளை காதில் விழும் நாளில்தான் பல மலச்சிக்கல் கேஸ்கள் தொடங்குகின்றன.

26/
அரசுக்கும் ஒரு கோரிக்கை. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. சத்துமாவு கொடுக்கிறோம், எடை பார்க்கிறோம். நல்ல விஷயம். அதோடு ஒவ்வொரு மையத்துக்கும் நம் பக்கெட், நம் மக், நம் டாய்லெட் இருக்கும் ஒரு தமிழ்ப் படக்கதையும் கொடுங்கள். கழுவவும் துடைக்கவும் முடிகிற கெட்டி அட்டையில் இருக்கட்டும். அச்சடிக்க ஆகும் செலவு பெரிய தொகை இல்லை. பிள்ளைகளோடு பெற்றோரும் அதைப் பார்ப்பார்கள்.

27/
ஒரு எச்சரிக்கை. புத்தகம் பயத்தைக் குறைக்கும். இறுகிப் போன மலத்தைக் கரைக்காது. கீழே உள்ளது எது இருந்தாலும் டாக்டரைப் பாருங்க:

🔴 வாரத்துக்கு மூணு தடவைக்கும் குறைவாகப் போவது, போகும்போது அழுவது, ரத்தம், ஜட்டியில் கசிவு
🔴 பிறந்ததிலிருந்தே மலச்சிக்கல், வயிறு உப்பல், வாந்தி, எடை ஏறாமை
🔴 சிறுநீர் போகும்போது எரிச்சல், காய்ச்சல்
🔴 நன்றாகப் பழகிய பிள்ளை திடீரென்று நிறையத் தண்ணீர் குடித்து, அடிக்கடி நனைப்பது. இதில் தாமதம் வேண்டாம், அன்றே சர்க்கரை பார்க்கணும்.

மலத்தை இளக்கும் மருந்தை மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கலாம். "குடல் மருந்துக்குப் பழகிடும்"னு பயந்து பாதியில் நிறுத்தாதீங்க. நீங்களாகக் கடையில் வாங்கியும் கொடுக்காதீங்க.

28/
அந்தப் பையன்? முதலில் மருந்து கொடுத்து அடைப்பை எடுத்தோம். பால் குறைத்தோம். வெற்றிலைக் காம்புக்கு விடை கொடுத்தோம். அம்மாவை உட்கார வைத்து, என் மேஜையில் கிடந்த மருந்துக் கம்பெனி நோட்பேடில் எட்டுப் படம் வரைஞ்சு கொடுத்தேன். என் யானை பன்றிக்குட்டி மாதிரி இருந்தது. அவன் அதற்கு "பப்பு"னு பேர் வெச்சான். ப்ளே ஸ்கூலுக்கு நானே லெட்டர் எழுதிக் கொடுத்தேன்: இது நோய், பழக்கக்குறை இல்லை, பையனைத் திருப்பி அனுப்பக்கூடாது.

ஒரே நாளில் ஒன்றும் மாறல. மூணு மாசம் ஆச்சு. நடுவில் ரெண்டு தடவை பழையபடி அடக்கினான்.

29/
நாலாவது மாசம் செக்கப்புக்கு வந்தப்போ நோட்பேட் கசங்கி, மூலை எல்லாம் மடங்கி, எட்டாவது பக்கம் மட்டும் கிழிஞ்சு செலோடேப் ஒட்டியிருந்தது. "அந்தப் பக்கத்தைத்தான் டாக்டர் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்றான்" என்றார் அம்மா. "நானும் அதையேதான் வாசிக்கிறேன்."

பையன் என் மேஜையைப் பிடிச்சுக்கிட்டு நின்னான், முழுப் பாதமும் தரையில் படிய. பாட்டி அவனைத் தட்டிக் கொடுத்துட்டு, "எனக்கும் ட்ரெய்னிங் ஆயிருச்சு டாக்டரம்மா" என்றார்.

30/
உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ரெண்டு வயசுப் பிள்ளை இருந்தால், இன்னைக்கு ராத்திரியே ஒரு நோட்டும் பென்சிலும் எடுங்க. முதலில் எட்டாவது பக்கத்தை வரைஞ்சிருங்க. மத்த ஏழு பக்கம் மெதுவா வரட்டும்.

தேவைப்படும் அம்மா அப்பாக்களுக்கு, குறிப்பாக ப்ளே ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்புகளுக்கு, இதை அனுப்பி வையுங்க.